குழியில் ஆள் இருக்கா

அன்று காலை ஆலையில் டீ வந்ததா இல்லையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. இரண்டுமே நடந்ததுபோல இருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது.

ஒரத்தநாட்டுப் பக்கம் சைபுல்லா பாயின் அரிசி ஆலையில் நான் மேற்பார்வையாளர். நெல்லை மேலே ஏற்றும் வாளிப் பட்டை ஒரு குழியிலிருந்து கிளம்பும். ஈர நெல் அடைத்துக்கொண்டால் பட்டையை நிறுத்திவிட்டு, கூலியாள் மதிவாணன் குழிக்குள் இறங்கிக் கையால் வாரிவிடுவான். சுவிட்சைப் போடுமுன் "குழியில ஆள் இருக்கா?" என்று கூவும் வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். ஓர் உயிரும் போகக் கூடாது என்பது நோக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அப்படியெல்லாம் தோன்றும்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த வழக்கத்தைப் பாராட்டினார். உடனே பாய் சுவிட்சுக்கு மேலே கேமரா மாட்டினார். பிறகு நான் குழியைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துக் கூவினேன். முகம் தெளிவாகப் பதிய வேண்டுமே.

மதிவாணன்தான் கெடுத்தான்.

"ஆள் இல்லண்ணே, பேய்தான் இருக்கு. அதுக்கும் ஓவர்டைம் போடுவீங்களா?" என்பான் உள்ளேயிருந்து. மூட்டை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். பாதுகாப்பைக் கேலி செய்தால் எனக்குப் பொறுக்காது.

"நான் கூவுனதும் ஏறி வந்துடணும். பதில் பேச்சு வேணாம்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். வேலை வேகம் பிடித்தது. விபத்தே இல்லாத ஆலை என்று பாய் எனக்குச் சால்வை போர்த்தினார்.

அன்று கேரளத்து வியாபாரிகள் வந்திருந்தார்கள். "நம்ம ஒழுங்கக் காட்டுங்க" என்றார் பாய். சுவிட்சில் கை வைத்து, நிமிர்ந்து நின்று கூவினேன்.

"இருங்கண்ணே, கால் சிக்கிக்கிச்சு" என்றான் மதிவாணன்.

கேட்டது. தெளிவாகவே கேட்டது. பதில் பேசக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். வெளியாட்கள் முன்னால் அவனுக்காக நான் கையை எடுத்தால், நாளைக்கு யார் என் பேச்சைக் கேட்பார்கள்? சுவிட்சைப் போட்டேன்.

நான் விதிப்படி நடந்தேன் என்று விசாரணை முடிந்தது. மதிவாணன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தான். பாய் திருவையாற்றில் இன்னோர் ஆலை திறந்தார். இரண்டுக்கும் பாதுகாப்பு மேலாளர் நான். அவன் மனைவி வானதிக்கு இங்கேயே வேலை போட்டுக்கொடுத்தோம். தினமும் என் அறையைப் பெருக்குகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. என்மேல் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை.