முட்டிக்கு அடியில தலகாணி

இல்லக்கா, வலியெல்லாம் கொறஞ்சிடுச்சு. வலின்னா ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் போயிடலாமே. முட்டி நேரா நீள மாட்டேங்குது, அதான் பிரச்சினை, அதுக்குத்தான் இங்க பிசியோதெரபிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். மடக்குறதுக்கு அவசரமே இல்ல, மொதல்ல நீட்டணும்னு ஆபரேஷன் பண்ண டாக்டர் தலப்பாடா அடிச்சுக்கிட்டாரு. இவ காதுல ஏறினாத்தானே?

என் மகதான். வாலிபால் ஆடுவா. நல்லா ஆடுவாக்கா, பெத்தவ சொல்லக்கூடாது. எகிறி அடிச்சுட்டு இறங்கினா. ஒருத்தரும் இடிக்கல, தள்ளல, தானா முட்டி ஒரு பக்கமாத் திரும்பிடுச்சு. உள்ள எலும்பைப் பிடிச்சு வைக்கிற லிகமென்ட் அறுந்து போச்சு. அந்த டீம் பொண்ணுங்க எல்லாம் ஜம்முனு நடந்து வீட்டுக்குப் போறாங்க, எம்மகள நாலு பேரு தூக்கிட்டு வராங்க. வயிறு எரியுமா எரியாதா?

தையலா? அதெல்லாம் இல்லக்கா. நானும் தையல்காரிதானே, அறுந்ததை இழுத்துத் தச்சிடுவாங்கன்னுதான் நெனச்சேன். அறுந்தது அறுந்ததுதானாம். அவ தொடைக்குப் பின்னாடி இருந்தே ஒரு தசைநாரை எடுத்து, எலும்புல ஓட்டை போட்டு, பாவாடைக்கு நாடா கோக்குற மாதிரி கோத்து விட்டிருக்காங்க. அது பாட்டுக்கு ஒழுங்கா உக்காந்துடுச்சு. டாக்டர் மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது. குத்தமெல்லாம் எங்க வீட்டுலதான்.

தலகாணிக்கா, தலகாணி! முட்டிக்கு அடியில எதையும் வைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சா, முட்டி தன் கனத்துல தானாக் கீழ இறங்கும். ஆனா உயிர் போற மாதிரி இருக்கும். முட்டிக்குக் கீழ தலகாணி வச்சுப் பாருங்க, அப்பாடான்னு இருக்கும். அந்தச் சொகத்துலயே கால் மடங்கினபடிக்கு இறுகிப் போயிடும். நான் துண்டைச் சுருட்டி வச்சுட்டுப் படுப்பேன். காலைல பாத்தா துண்டு கட்டிலுக்குக் கீழ, தலகாணி முட்டிக்குக் கீழ.

வேற யாரு, எங்க வீட்டுக்காரர் வேலைதான்னு நெனச்சேன். மக முகம் சுண்டினா அவருக்குத் தாங்காது. அவளுக்கு ஊசி போட்டா இவரு கண்ண மூடிக்குவாரு. பிடிபிடின்னு பிடிச்சேன். பாசம்ங்கிற பேர்ல பொண்ணை நொண்டியாக்கிடாதீங்கன்னு கத்தினேன். மனுஷன் வாயே திறக்கல. வாயத் திறக்கலைன்னா என்ன அர்த்தம், ஒத்துக்கிட்டதாத்தானே? இருந்த தலகாணியெல்லாம் எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டினேன். மறுநாள் பாத்தா போர்வைய மடிச்சு வச்சிருக்கு!

நேத்துக் காலைல பால் வாங்கிட்டு உள்ள வரேன். அவரு குளிச்சுக்கிட்டு இருக்காரு. இவ எழுந்து உக்காந்து, தானே போர்வைய மடிச்சு, தானே முட்டிக்கு அடியில செருகிக்கிறா. ஏண்டி, அவ்வளவு வலிக்குதான்னு கேட்டேன். வலியில்லம்மாங்கிறா. கால் நேராயிட்டா நீ மறுபடி என்னை மைதானத்துக்கு இழுத்துட்டுப் போயிடுவேல்லங்கிறா.

ஆமாக்கா, வாலிபாலே பிடிக்கலையாம். ரொம்ப நாளாவே பிடிக்கலையாம். அப்பன்கிட்ட சொல்லியிருக்கா. அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கன்னு சத்தியம் வேற வாங்கியிருக்கா. அவரும் நான் பாக்காதப்போ தலகாணிய எடுத்து எடுத்துக் கீழ போட்டிருக்காரு, இவ மறுபடி மறுபடி வச்சுக்கிட்டிருக்கா. அத்தனை ஏச்சும் வாங்கிக்கிட்டு அந்த மனுஷன் கல்லாட்டம் உக்காந்திருந்தாரே! எனக்கு வந்த ஆத்திரம் யார் மேலன்னு எனக்கே தெரியல. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

இப்படியே விட்டா மறுபடி மயக்க மருந்து கொடுத்து, உள்ள இறுகினதைச் சொரண்டி எடுக்கணுமாம். அதுக்கும் சரிவரலைன்னா ஆயுசுக்கும் விந்தி விந்தித்தான் நடக்கணும். கல்யாணம், வேலையெல்லாம் விடுங்க, மாடிப்படி ஏறணுமே.

என்னது? ஆட வேண்டாம், நடந்தாப் போதும்னு சொல்லிட வேண்டியதுதானேங்கிறீங்களா? சொன்னேனேக்கா. வர்ற வழியில வண்டியிலயே சொன்னேன். அவ தலையில கைய வச்சுச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தா. கால் நேராகணும்கிறதுக்காக நீ சும்மா சொல்றம்மான்னுட்டா. நீ வெளியவே இரு, அப்பா வரட்டும்னுட்டா. அதான் அவகூட அவரு எக்சர்சைஸ் ரூமுக்குள்ள போயிருக்காரு, நான் உங்களைப் பிடிச்சு வச்சுப் பேசிக்கிட்டிருக்கேன்.