எட்டு ராணிகளும் என் அண்ணனும்

எங்கள் வீட்டில் சமையலறையில்தான் வைஃபை நன்றாகப் பிடிக்கும். அன்றைக்கு நான் அங்கே உட்கார்ந்திருந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

என் அண்ணன் தௌசீப் நல்லவன். நானும் அவனும் கம்ப்யூட்டர்தான் படித்தோம். அவன் அரியர் வைத்து முடித்தான். நான் வைக்காமல் முடித்தேன். சென்னைக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது என்று தெரிந்ததும் அப்பா அவனை விண்ணப்பிக்கச் சொன்னார். என்னை, பேரணாம்பட்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். அதில் எனக்கு வருத்தமில்லை. போட்டோ நன்றாகவே வந்தது.

இன்டர்வியூ ஆன்லைனில். முந்தின நாள் தௌசீப் என்னிடம் வந்தான்.

"தூபா, காதுல சின்ன இயர்போன் போட்டுக்கிறேன். நீ கிச்சன்லேருந்து போன்ல சொல்லு. அப்டியே சொல்லிட்றேன்."

"யோசிக்காமலா?"

"யோசிச்சா லேட்டாய்டும்."

ஒத்திகை பார்த்தோம். நடுவில் நான், "நான் ஒரு ஒட்டகம்" என்றேன். "நான் ஒரு ஒட்டகம்" என்றான், மிகுந்த தன்னம்பிக்கையோடு. இயர்போன் கேட்கிறதா என்று பார்க்கத்தான் சொன்னேன்.

கேள்வி கேட்டவர் இன்பராஜ் என்பவர், தன்மையான மனிதர். சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றை ஒன்று வெட்டாதபடி வைக்க வேண்டும். அதற்கு ஒரு புரோகிராம்.

நான் சொல்லச் சொல்ல அவன் சொன்னான். "வரிசைக்கு ஒரு ராணி சார். அடுத்த வரிசைல எங்க வச்சாலும் வெட்டுப்படுதுன்னா, கடைசியா வச்சத எடுத்து வேற கட்டத்துல வைப்பேன். அதுவும் ஆவலன்னா இன்னும் ஒரு வரிசை பின்னாடி போவேன்." புரோகிராமையும் வரி வரியாகச் சொன்னேன். தட்டினான். விடை வந்தது.

"ரொம்ப க்ளீனா இருக்கு. எப்படிப்பா யோசிச்ச?" என்றார் இன்பராஜ்.

தௌசீப் காத்திருந்தான். நான் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். பொய் சொல்லக் கூடாது என்று அம்மா எங்களை வளர்த்திருக்கிறாள்.

"நான் யோசிக்கல சார். என் தங்கச்சி தூபாதான் யோசிச்சா. கிச்சன்ல இருக்கா. கூப்பிடட்டுமா?"

ஒரு சொல் விடாமல் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகம் வெளுத்ததைச் சமையலறைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

நான் புதுத் துப்பட்டாவில் இருந்தேன். என் சான்றிதழ்கள் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தன. வீட்டில் எங்காவது இருக்கத்தானே வேண்டும். இன்பராஜ் என்னை வரச் சொன்னார். பலகையில் சில கட்டங்களை அடைத்துவிட்டு மறுபடி கேட்டார். போட்டுக் காட்டினேன். வேலைக்கான ஆணை என் பெயரில் வந்தது.

ஆம்பூர் முழுக்க அண்ணனின் நேர்மைதான் பேச்சு. "வேல போனாலும் பரவால்லன்னு உண்மைய சொல்லிட்டான் பாரு," என்று தோல் மண்டியில் அப்பா எல்லோரையும் நிறுத்திச் சொன்னார். பேரணாம்பட்டு வீட்டார் வேலைக்குப் போகும் பெண் வேண்டாம் என்றார்கள். நேர்மையான மாப்பிள்ளை கிடைப்பது அரிது என்று தங்கள் பெண்ணைத் தௌசீப்புக்குத் தர முன்வந்தார்கள்.

ஆமாம், அந்த வாக்கியத்தை அவன் வாயில் வைத்தது நான்தான். ஒட்டகத்தின்போதே முடிவு செய்துவிட்டேன். அவனுக்கும் அது தெரியும். சொன்னால் நேர்மை போய்விடும், பெண்ணும் போய்விடும்.

நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் மாமா கேட்டார்: "அவ்ளோ தைரியம் எப்படி தம்பி வந்துச்சி?"

தௌசீப் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை.

"எல்லாம் அல்லா குடுத்தது," என்றேன் மெல்ல.

"எல்லாம் அல்லா குடுத்தது," என்றான்.

பாவம், நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவனுக்குப் பேசவே வராது.