குரல் போன நவமணி

அன்பானவங்களே... உங்களை இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கிறேன். ஒரு சின்னக் கதை இருக்கு. அதைக் கேட்டுட்டு ஜெபத்துக்குப் போவோம்.

நெல்லைப் பக்கத்துச் சபை ஒண்ணுல நவமணி அக்கான்னு ஒருத்தங்க. கொயர், அதான் பாட்டுக் குழு நடத்துறவங்க. கல்யாணமோ, துக்கமோ, அவங்க பாட்டு இல்லாம அந்தச் சபையில ஆராதனை தொடங்காது. மூச்சை இழுத்து முதல் வரியை எடுத்தாங்கன்னா, பின் பெஞ்சில தூங்குறவங்ககூட நிமிர்ந்து உட்காருவாங்க... நம்ம சபையில தூங்குறவங்க யாரும் இல்லைன்னு நம்புறேன்.

அவங்களுக்குக் கழுத்துல தைராய்டு கட்டி. ஆப்பரேஷன் பண்ணினாங்க. கட்டி போச்சு... கூடவே குரலும் போச்சு. வாயைத் திறந்தா வெறும் காத்து. டாக்டர் உள்ளதைச் சொல்லிட்டார்... பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வரலாம், பழையபடி பாடுறதை மறந்துடுங்கன்னு.

வீட்டுக்கு வந்தாங்க. சபைக் கோயில் மணி அடிச்சா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்குவாங்க. வீட்டுக்காரர் தவசிங் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். போதகர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனார். எதுவும் மனசுல ஏறலை. பாடுறதுக்குத்தானே ஆண்டவர் என்னைப் படைச்சார்... பாட்டே போனப்புறம் என்னால அவருக்கு என்ன பிரயோஜனம்? இதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, ஷெர்லின். ரெண்டாம் வகுப்பு. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. ஊரையே எழுப்பின அம்மாவோட பாட்டுல ஒரு வரிகூட அந்தப் பிள்ளை காதுல விழுந்ததில்லை. ரெண்டு பேரும் கையாலதான் பேசிக்குவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, அப்பாகூடக் கோயிலுக்கு அனுப்பப் பிள்ளைக்குத் தலை சீவிக்கிட்டு இருக்காங்க. தவசிங் வாசல்ல நிக்கிறார். அங்க கோயில்ல பாட்டு தொடங்கிடுச்சு... ஜன்னல் வழியா சத்தம் வருது. இவங்க கை அப்படியே நின்னுபோச்சு. கண்ணீர் பிள்ளை தோள்ல விழுது.

பிள்ளை திரும்பிப் பார்த்துக் கையால கேட்குது: "ஏம்மா அழுற?"

இவங்களும் கையாலயே சொல்றாங்க: "அம்மாவால இனிமே பாட முடியாது. யேசப்பாவைச் சந்தோஷப்படுத்த முடியாது."

பிள்ளை திரும்பவும் கையால கேட்டுச்சு: "நான் பாடினதே இல்லையே... அப்போ என்னாலயும் அவருக்குச் சந்தோஷம் இல்லையா?"

...

என்ன பதில் சொல்லுவீங்க? பெத்தவங்க நீங்க... என்ன சொல்லுவீங்க?

நவமணி அக்கா பிள்ளையை இழுத்து, தன் முகம் பார்க்க மடியில வச்சுக்கிட்டுக் கையால சொன்னாங்க: "இல்லடா... உன்னை உண்டாக்கினதே அவர்தான். நீ சிரிச்சா அவருக்குச் சந்தோஷம். நாய்க்குட்டிக்குத் தண்ணி வைக்கிறியே, அது அவருக்குச் சந்தோஷம். நீ இருக்கிறதே அவருக்குச் சந்தோஷம்..."

சொல்லச் சொல்ல அவங்க கை தயங்குச்சு. இதை யாருக்குச் சொல்றோம்னு அவங்களுக்கே புரிஞ்சுபோச்சு. ஆப்பரேஷனுக்கு அப்புறம் அவங்க நிம்மதியா மூச்சு விட்டது அப்போதான்.

எழுந்தாங்க. சேலையை மாத்தினாங்க. மூணு பேருமா கோயிலுக்குப் போனாங்க... லேட்டாத்தான். கொயர்ல நிக்கலை. பிள்ளை பக்கத்துல உட்கார்ந்தாங்க. இத்தனை வருஷத்துல அம்மாவும் பிள்ளையும் ஆராதனையில ஒரே பெஞ்சில உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சபை பாடுச்சு. இவங்க அந்தப் பாட்டை வரி வரியா கையால பிள்ளைக்குச் சொன்னாங்க. கடல்னு அம்மா கை அலை மாதிரி அசைஞ்சா பிள்ளை கையும் அசையுது. பறவைன்னா ரெண்டு பேர் கையும் பறக்குது.

குரல் திரும்பி வந்துச்சான்னு கேட்கிறீங்களா? பேசுற அளவுக்கு வந்துச்சு. பாட வரலை. அதைக் கேட்டா அக்கா இப்போ சிரிக்கிறாங்க.

சபையே... மலை பாடுதா? கடல் பிரசங்கம் பண்ணுதா? ஆனாலும் அதைப் பார்த்தா படைச்சவரைத்தானே நினைக்கிறோம்? நீங்களும் அவர் கை செஞ்சவங்கதான். வேலையில இருந்து ஓய்வு பெத்திருக்கலாம்... நோயில படுத்திருக்கலாம்... முன்னால செஞ்ச ஊழியத்தை இப்போ செய்ய முடியாம இருக்கலாம். நான் எதுக்கும் உதவாதவன்னு சுமந்துக்கிட்டு வந்தீங்களே, அந்தப் பாரத்தை இங்கேயே இறக்கி வையுங்க. அவர் கொடுத்த மூச்சு உங்ககிட்ட இருக்கு. அன்பு காட்ட பக்கத்துல ஒரு ஆள் இருக்காங்க. அவங்களை நேசிச்சு வாழுங்க... அதுல அவர் மகிமைப்படுவார்.

இப்போ... பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கோங்க. ஜெபிப்போம்.