தண்ணீர் ஓரத்து மேஜை

எங்கள் ஓட்டலுக்குச் சாப்பிட வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர் ஓரத்து மேஜையைத்தான். கேட்காமல் என்ன செய்வார்கள், ஐயா. எதிரே ஆறு அகன்று திரும்புகிறது. மற்ற மூன்று பக்கமும் புதர்க்காடு. அங்கே உட்கார்ந்தால் ஆறிப்போன சாப்பாடும் ருசிக்கும்.

அந்த மேஜைக்குக் கீழேதான் முதலைகள் வரும். மதியச் சாப்பாடு முடிகிற நேரத்தில் பலகைத் தளத்து ஓரம் தொங்கும் மணியை அடிப்பேன். அடித்துவிட்டு மீன் தலைகளை வீசுவேன். சத்தம் கேட்டாலே அக்கரையிலிருந்து நீந்தி வந்துவிடும், அப்படிப் பழக்கியிருந்தேன். என் சமையலைவிட அதற்குத்தான் மவுசு என்று தம்பி கேலி செய்வான். மணி அடிக்காமல் அவை இந்தக் கரைக்கு வந்ததில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இறங்குகிறவன் மணியின் நாக்கில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் இறங்குவான்.

அம்மா போனபோது தம்பிக்குப் பால் பல்கூட விழவில்லை. நான்தான் ஊட்டி வளர்த்தேன். அவனுக்காகக் கல்யாணம்கூட வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அடுப்படி எனக்கு, பரிமாறுவது அவனுக்கு என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். அந்தப் பெண்ணும் தங்கமான பெண், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளுடைய அண்ணன் நகரத்தில் ஒரு கடை பார்த்து வைத்திருந்தார். தம்பியும் அவளும் அங்கே போவதாக முடிவாகிவிட்டது. எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் ஓட்டலுக்கு விடுமுறை. அவள் சாமான் கட்ட வீட்டில் இருந்தாள். நான் தம்பியை மட்டும் கூட்டிவந்து அந்த மேஜையில் உட்கார வைத்தேன். இத்தனை வருஷத்தில் அவன் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. மீன் வறுத்து, சுடச்சுடச் சோறு போட்டேன். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. போகாதே என்று அப்போது ஒரே ஒரு முறை கேட்டேன்.

"முதலையும் மூர்க்கனும் கொண்டது விடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? விடுண்ணே. நீயும் இதப் பூட்டிட்டு எங்ககூட வந்துடு" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான், நானும் சிரித்தேன். கோபம் இல்லை, ஐயா, துக்கம்தான். நகரத்தில் அவன் எப்போது சாப்பிடுவான், யார் பார்த்துப் போடுவார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவிவிட்டுத் தளத்தின் கீழே எட்டிப் பார்த்தான். எங்கள் படகின் கயிறு தளத்துத் தூணில் சிக்கிக் கிடந்தது. எனக்கு நீச்சல் வராது என்று அவனுக்குத் தெரியும்.

"நான் போனப்புறம் நீ இறங்கித் தொலைக்காத. இப்பவே எடுத்து விட்டுடறேன்" என்று சட்டையைக் கழற்றினான்.

அன்று அவன் துணி கட்ட மறந்துவிட்டான், மணி காற்றில் ஆடியது என்று முதலில் நீங்கள் விசாரிக்க வந்தபோது சொல்லியிருந்தேன். அது பொய். அவன் எதையும் மறக்கிற ஆளில்லை. இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் இறங்கினான். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு நகம் பெயர்ந்தது. அவ்வளவு நேரத்தில் மனசு மாறியிருக்கலாமே என்பீர்கள். மாறவில்லை. துணியை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு மணியை அடித்தேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. "அண்ணே, கை குடு" என்றான். நான் தளத்தின் ஓரத்தில்தான் நின்றிருந்தேன். கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

அதன் பிறகு அவன் மனைவி தினமும் வந்து அந்த மேஜையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் சாப்பிடுவதில்லை. பச்சைப் பிள்ளை மாதிரி முகம் வாடிவிட்டது. நேற்று எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், "அழாதம்மா. அவன் எங்கயும் போகல, இங்க நம்மகூடத்தான் இருக்கான். அதுக்குத்தான் நான் மணி அடிச்சேன்" என்று ஆறுதல் சொன்னேன்.

நல்ல வார்த்தைதான் சொன்னேன், ஐயா. அவள் ஏன் அப்படி அலறினாள் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.