செவப்புக் காகிதம்

கோதண்டபாணி: நாப்பது மணி நேரமா பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் உள்ள போவல டாக்டர்.

டாக்டர்: எண்ணிக்கினே இருந்தீங்களா?

கோதண்டபாணி: நான் எங்க எண்றது... தங்கச்சிதான் சொல்லிச்சு. பி.எஸ்சி. படிச்சதாச்சே. பட்டினி கூட கணக்காத்தான் கெடக்குது.

டாக்டர்: எப்போலேர்ந்து?

கோதண்டபாணி: கிளியனூர் மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாத்துட்டுப் போனதுலேர்ந்து. நல்ல எடம். மூணாவது வரன். மூணுக்கும் ‘இல்ல’ன்னுடுச்சு. அதான் மனோதத்துவ டாக்டர்னு உங்ககிட்ட கூட்டியாந்தேன்.

டாக்டர்: செண்பகம், உனக்கு ஆம்பளைங்கன்னா பயம்.

செண்பகம்: இல்லைங்க.

டாக்டர்: பாத்தீங்களா? அந்த ‘இல்ல’தான் பயம். உள்மனசோட எதிர்ப்பு.

செண்பகம்: சரிங்க... பயம்தான்.

டாக்டர்: ஆங்... ஒத்துக்கிட்டா பாருங்க!

கோதண்டபாணி: அடேங்கப்பா, ரெண்டே பேச்சுல புடிச்சிட்டீங்களே!

டாக்டர்: அப்பா கண்டிப்பான ஆளு. அந்த பயம்தான் இப்ப...

செண்பகம்: நான் பொறக்கறதுக்கு முந்தியே அப்பா போய்ட்டாருங்க.

டாக்டர்: அதேதான்! கண்ணால பாக்காத அப்பாகிட்டதான் பயம் ஜாஸ்தி.

செண்பகம்: பேசாம இருந்தா?

டாக்டர்: அதுவும் எதிர்ப்பு.

செண்பகம்: சிரிச்சா?

டாக்டர்: ரொம்ப எதிர்ப்பு.

கோதண்டபாணி: கரெக்டு டாக்டர்! வெளிய பெஞ்சில உக்காந்திருக்காரே சவுரிராயன்... இது வேல செய்ற பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. திண்டிவனத்துலேர்ந்து கூடவே வந்து உங்க வீட்டக் காட்டினாரு. தங்கமான மனுஷன். பத்து நாளா அவரு பேரக் கூட இது சொல்ல மாட்டேங்குது. ‘கணக்கு சாரு’ன்னுதான் சொல்லுது.

டாக்டர்: எழுதி வெச்ச மாதிரி இருக்கு! பேரச் சொல்லக் கூட பயம்.

செண்பகம்: ஒண்ணு கேக்கலாங்களா? பசங்களுக்கு லிட்மஸ் தாள் காட்டுவேன். எலுமிச்சஞ்சாறுல செவப்பாவும், சுண்ணாம்புத் தண்ணியில நீலமாவும். எதுல நனைச்சாலும் செவப்பாவே இருந்தா, அது லிட்மஸ் இல்லீங்க. வெறும் செவப்புக் காகிதம்.

கோதண்டபாணி: ஏய்! யார்கிட்ட என்னா பேச்சு... மன்னிச்சுக்குங்க. வீட்டுல வாயே தொறக்காது.

டாக்டர்: பரவால்ல. எதிர்ப்புதான். கல்யாணத்த சீக்கிரம் முடிங்க. மருந்தே அதான்.

கோதண்டபாணி: வர்ற வாரமே கிளியனூருக்கு தாம்பூலம் மாத்திடறேன்.

செண்பகம்: டாக்டர்... நான் என்ன செஞ்சா நீங்க சொன்னது தப்புன்னு ஆவும்?

டாக்டர்: எத செஞ்சாலும் ஆவாது. இது சயின்ஸ்மா.

செண்பகம்: சயின்ஸ்ல தப்பாவறதுக்கு ஒரு வழி வெச்சிருப்பாங்க. ஜோசியத்துலதான் வெக்க மாட்டாங்க.

கோதண்டபாணி: ஜோசியரு கூட இதேதான் சொன்னாரு டாக்டர்...

டாக்டர்: யாருய்யா ஜோசியன்? இந்தாம்மா, கேட்டுக்க. நீயா மனசு வெச்சு ஒருத்தனக் கட்டிக்கவே மாட்ட. கட்டிக்கிட்டா நான் சொன்னது அத்தனையும் தப்பு. வாசல்ல போர்டையே கழட்டிடறேன்.

செண்பகம்: அப்புறம் அதுவும் எதிர்ப்புன்னுட மாட்டீங்களே?

டாக்டர்: மாட்டேன்.

செண்பகம்: அண்ணா, கேட்டுக்கினியா?

கோதண்டபாணி: கேட்டுக்கினேன், கேட்டுக்கினேன். ரயிலுக்கு நேரமாவுது. ஜல்தி எழுந்திரு.

செண்பகம்: அப்ப... போர்டக் கழட்டிடுங்க டாக்டர்.

டாக்டர்: ஏன்?

கோதண்டபாணி: என்னாம்மா... எழுந்திருக்காம ஏன் இன்னும் உக்காந்துக்கினே இருக்க?

செண்பகம்: பயம்தான். அப்பாகிட்ட இல்ல, உன்கிட்ட... கணக்கு சாரு பேர நான் சொல்லாதது பயத்துல இல்லண்ணா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு பத்து நாளாச்சு. கட்டிக்கினவரு பேர எப்பிடி சொல்லுவேன்?