பாடு நாளுக்கு ஒரு ஊசி

மாத்திரைலாம் வேணாம் டாக்டரம்மா. அத வெச்சிக்கினு அவன் இன்னா பண்ணுவான்? ஊசி ஒன்னு போடு, போயினே இருக்கோம். வெளிய வேப்பமரத்தாண்ட குந்தினுக்கிறான் பாரு, அவன்தான் எம்புள்ள ஜெரோமு. இடுப்பு புடிச்சிக்கிச்சி, நிமிரவே மாட்றான்.

பத்து நாளு ரெஸ்ட்டா? நல்லா சொன்ன போ! நாளைக்கு எங்க பாடும்மா. நீ ஊருக்கு புச்சு, உனக்கு தெரியாது. ஏரில நெனச்ச எடத்துல வலை போட்ற முடியாது. ஊட்டுக்கு ஒரு நாளுன்னு முறை வெச்சிக்கிறாங்க, அதான் பாடு. நாளைக்கு வுட்டா மறுபடி எங்க முறை வர இருபது நாளு ஆவும். கடல் தண்ணி உள்ள வர்ற முகத்துவாரம் மண்ணு மூடி, இறாலும் முன்ன மாதிரி இல்ல.

அதனால பாடுக்கு முந்துன நாளு ஊர்ல பாதி ஆம்பளங்க ஊசி போட்டுக்குவாங்க. வலி இருந்தாலும் போட்டுக்குவாங்க, இல்லன்னாலும் போட்டுக்குவாங்க. பூபதின்னு ஒருத்தரு கிளினிக்கு வெச்சிருந்தாரு, கேட்டவொடனே குத்துவாரு. அத சீலு வெச்சிட்டாங்க. இல்லன்னா உன்னாண்ட ஏன் வந்து நிக்கப் போறேன்?

ஆங், தெரியும். கிட்னி போயிரும். ஆறேழு வருஷம் முன்னாடி இதே சேர்ல கவியரசன்னு ஒரு டாக்டரு இருந்தாரு, அவரும் இதத்தான் சொன்னாரு. எங்க ஊட்டுக்காரு தேவதாஸு கைய புடிச்சிக்கினு, இந்த வலி ஊசிய வுட்ரு, உடம்ப கொஞ்சம் ஆத்திக்கோ, அதுவா சரியாவும்னாரு. எனுக்கு வந்துச்சே கோவம்! ஊசி போடாதவன்லாம் இன்னா டாக்டருன்னு கத்துனேன். அவர மாத்தச் சொல்லி ஊரே மனு குடுத்துச்சி. மொத கைநாட்டு என்னுதுதான். போற அன்னிக்கும் என்னாண்ட வந்து, உங்க ஊட்டுக்காருக்கு ஒரு வாட்டி ரத்தம் பாத்துடும்மான்னு சொல்லிட்டுதான் போனாரு, பாவி மனுசன். நான் பாக்கல.

அப்புறம் இன்னா. அஞ்சு வருஷம், ஒரு பாடு வுடாம ஊசி. போன வருஷம் காலு வீங்குச்சி, மூஞ்சி வீங்குச்சி. ரெண்டு கிட்னியும் போச்சின்னாங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு மெட்ராசுக்கு போயி மிஷின்ல படுத்துனு கெடந்தாரு. மாதா கோயில்ல கொடி ஏத்துன அன்னிக்கி போய் சேந்துட்டாரு.

நீ ஏம்மா கண்ண தொடைக்கிற? நான் அழுது முடிச்சிட்டேன். பாடு இப்ப புள்ள பேருக்கு மாறிக்கீது, நாளைக்குதான் அவனுக்கு மொத முறை. மொத முறையே வலைய ஊட்ல போட்டுட்டு படுத்துக்குவானா? நீ சொல்றதுலாம் நெசந்தான், எனுக்கு தெரியாததா? தெரிஞ்சி இன்னா பண்றது, அதச் சொல்லு.

மருந்து இல்லன்னு மட்டும் சொல்லாத. நானே கொண்ணாந்துக்கிறேன். இந்தா. அவருக்கு பூபதியாண்ட வாங்கி வெச்சதுல ரெண்டு மிச்சம் நின்னுச்சி. தேதி கூட இன்னும் முடியல, பாத்துக்கோ.