மயிரிழை மயிரிழையாக

மேடையில் கீபோர்டு வாசிப்பவனைப் பார்த்தால் துணிக்கு இஸ்திரி போடுகிறவன் மாதிரித்தான் இருக்கும். கிட்டார்காரன் குதிப்பான், டிரம்ஸ்காரன் சட்டையைக் கழற்றி வீசுவான். நான் குனிந்தபடி நிற்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை ஐயா, முதுகுவலியைத் தவிர.

நம் இசைக்கலைஞர் சங்கத்தின் விசாரணை என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். சவுண்டுக்காரர் சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரிப் பதிவையும் கடைசியையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டாராம். இனி மறைக்க என்ன இருக்கிறது?

வாரநாட்களில் ஸ்டுடியோக்களில் கூலிக்கு வாசிப்பேன். யாருடைய பாட்டு என்றுகூடக் கேட்க மாட்டேன். வாரக்கடைசியில் எங்கள் ராக் குழு. பாடகன் என் தங்கை கணவன். நல்ல குரல், நல்ல முடி, வாய்தான் கொஞ்சம் நீளம். எல்லோரையும் அறிமுகம் செய்துவிட்டுக் கடைசியில் என்னைக் காட்டுவான். "இவரு என் மச்சான். பொண்டாட்டியோட இலவச இணைப்பா வந்தவரு." கூட்டம் சிரிக்கும், நானும் சிரிப்பேன். எங்களுக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டின் மெட்டு நான் போட்டது. அதையும் தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டான். குடும்பத்துக்குள் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம். கச்சேரிக்கு முன் நான் ஒரு சுரத்தை அழுத்திப் பிடிப்பேன். கிட்டார்கள் அதற்குத்தான் சுதி சேர்க்கும். சுதி பார்க்கும் மெஷின் வைத்துக்கொள்வது கிட்டார்காரனுக்கு மானப்பிரச்சினை. "அப்புறம் காது எதுக்குடா இருக்கு?" என்பான். கீபோர்டில் மொத்தச் சுதியையும் துளி ஏற்ற ஒரு பட்டன் உண்டு. சுற்றுப்பயணம் முழுக்க, ஊருக்கு ஊர், மயிரிழை மயிரிழையாக ஏற்றினேன். எந்தக் காதுக்கும் தெரியவில்லை, ஒரு தொண்டைக்கு மட்டும் தெரிந்தது.

முதலில் உச்சத்தில் தங்கை கணவன் குரல் பிசிறு தட்டியது. அப்புறம் சாப்பிடும்போதுகூட இருமல். "என்ன மச்சான், நம்ம பாட்டே நமக்கு எட்ட மாட்டேங்குது?" என்றான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "வயசாகுதுல்ல மாப்ள. கத்திப் பாடு, பழகிடும்" என்றேன்.

தங்கை ஃபோனில் அழுதாள். "அண்ணா, இனிமே பாடினா குரல் மொத்தமா போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கடைசிக் கச்சேரிய நிறுத்தச் சொல்லுண்ணா. நீ சொன்னாதான் கேப்பாரு."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். அவனிடம் சொன்னது வேறு. "டிக்கெட்டெல்லாம் வித்துடுச்சு மாப்ள. ஒரே ஒரு நாள்தானே, இழுத்துடு."

அன்று சுரத்தை அழுத்துமுன் விரல் பட்டன் மேல் இருந்தது. பழைய இடத்துக்கு இறக்கியிருந்தால் தப்பித்திருப்பான், அது எனக்குத் தெரியும். ஏற்றினேன். கடைசிப் பாட்டின் நடுவில் அவன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இப்போது தங்கையிடம் உப்பு கேட்பதற்குக்கூட மேஜையைத் தட்டுகிறான்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபமெல்லாம் வராது. என் மெட்டு அந்த உயரத்தில்தான் நன்றாக இருந்தது. அவனுக்குத்தான் தொண்டை போதவில்லை.